காமெட் உடைந்ததற்குச் சதுர ஜன்னல் மட்டும்தான் காரணமா?

கேள்வி – இயந்திரவியல் மாணவி

வணக்கம். எங்கள் வகுப்பில் உலோகச் சோர்வு (சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் உலோகத்தில் விரிசல் விழுவது) என்று பேச்சு எடுத்தாலே டி ஹாவிலாண்டு நிறுவனத்தின் காமெட் விமானம்தான் முதல் எடுத்துக்காட்டாக வருகிறது. 1952 மே 2 அன்று 36 பயணிகளுடன் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டு, உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கிவைத்த அதே விமானம், 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய இருபது நிமிடங்களில் இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. அதில் இருந்த 35 பேரும் இறந்தனர். "ஜன்னல் சதுரம், மூலையில் விரிசல்" என்று இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் படங்களில் அந்த ஜன்னல்களின் மூலைகள் வளைவாகத்தான் தெரிகின்றன. அதைவிடப் பெரிய குழப்பமும் ஒன்று உண்டு. தயாரிப்பாளர்கள் விமான உடலின் முன்பகுதி ஒன்றில் ஏறத்தாழ 18,000 முறை காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். எல்பாவில் விழுந்ததோ 1,290 முறை மட்டுமே அழுத்தம் ஏற்றிப் பறந்திருந்தது. சோதனை உண்மை என்றால் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

மறுமொழி – ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்

உங்கள் ஐயம் நியாயமானது. ஜன்னலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூலைகள் வளைவானவைதாம், ஆனால் அந்த வளைவு போதவில்லை. மேலும், எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகள் எட்டிப் பார்க்கும் ஜன்னலே அன்று. கூரையில், திசைகாட்டும் வானொலிக் கருவியின் ஆன்டெனாவுக்காக வெட்டப்பட்டிருந்த திறப்பின் மூலையில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிக்கான ஒரு துளையின் ஓரத்தில் அது தொடங்கியது. மெல்லிய தகட்டில் துளையைத் துரப்பணம் செய்யாமல் அடித்துத் துளைத்தால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ரிவெட் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இனி 18,000 என்னும் எண்ணுக்கு வருவோம். என் கருத்தில் இந்தக் கதையின் உயிர்நாடியே அதுதான். காமெட் 40,000 அடி வரை ஏறும். உள்ளே 8,000 அடிக்குரிய காற்றழுத்தத்தைக் காக்கவேண்டும். இதனால் அதன் உடல் ஒவ்வொரு பறத்தலிலும் சதுர அங்குலத்துக்கு 8.25 பவுண்டு அழுத்த வேறுபாட்டைத் தாங்கவேண்டியிருந்தது. சோர்வுச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட முன்பகுதியை, அதற்கு முன்பே வேறொரு வலிமைச் சோதனைக்காக, அந்த அழுத்தத்துக்கு மேலே, அதன் இருமடங்கு வரைகூட, சுமார் 30 முறை ஏற்றியிருந்தார்கள். அப்போது திறப்புகளின் மூலைகளில் இருந்த உலோகம் நிரந்தரமாகச் சற்று நீண்டுவிட்டது. அழுத்தத்தை இறக்கியதும், நீளாத சுற்றுப்புற உலோகம் பழைய அளவுக்குத் திரும்பி, நீண்டுபோன மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; பட்டை ஆறியதும் சக்கரம் முழுவதும் இறுகி நிற்கும். அப்படி இறுகிய மூலையில், பின்னர் எத்தனை முறை அழுத்தம் ஏற்றினாலும், இழுவிசையின் ஒரு பகுதி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடும்; விரிசல் பிறக்கவும் வளரவும் நெடுநாள் ஆகும். பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களுக்கு அந்த இருமடங்கு அழுத்தம் கிடைக்கவில்லை. ஆக, சோதனையில் பொய் இல்லை. சோதித்த பொருள்தான் வேறாகிவிட்டிருந்தது.

மறுமொழி – இலங்கை வாசகர்

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. ஒரு சிறு சேர்க்கை: 1952 ஆகஸ்ட் 11 அன்று இந்தச் சேவை கொழும்புக்கும் நீட்டப்பட்டது. அதனால் எங்கள் ஊரில் இன்னமும் காமெட்டைப் பற்றிப் பேசுவோர் உண்டு. ஆனால் அவர்களும் எல்லா விபத்துகளையும் யன்னல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 1952 அக்டோபரில் ரோமிலும், 1953 மார்ச்சில் கராச்சியிலும் நேர்ந்தவை, தரையிலிருந்து எழும்பும்போது மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியதால் விமானம் மேலெழ முடியாமல் போன விபத்துகள். சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டில், 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட விமானம் கடும் இடிமழைக்குள் சிக்கி உடைந்து 43 பேர் இறந்தனர். அந்தப் பழி புயலின் மீதே விழுந்தது. அவற்றை எல்பாவுடன் ஒன்றாகச் சேர்ப்பது சரியன்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எல்பாவுக்குப் பிறகு நிறுத்திய சேவையை மறுபடி ஏன் தொடங்கினார்கள் என்பது மட்டும் புரியவில்லை.

மறுமொழி – ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்

உறுதியான காரணம் அகப்படவில்லை என்பதால்தான். தீப்பிடித்திருக்கலாம், எஞ்சின் சுழலி சிதறியிருக்கலாம் என்று எண்ணிப் பல திருத்தங்களைச் செய்து, 1954 மார்ச் 23 அன்று மறுபடி பறக்கவிட்டார்கள். பதினாறே நாள். ஏப்ரல் 8 அன்று ரோமிலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பிய இன்னொரு காமெட் இத்தாலிக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர் மாண்டனர். அது கிடந்த ஆழத்திலிருந்து எதையும் மீட்க வழியில்லை. எனவே எல்பாவருகே கடற்படை அரித்தெடுத்த துண்டுகள்தாம் கதி என்றாயிற்று.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் சர் ஆர்னால்டு ஹால் தலைமையிலான குழு, பறந்து பழகிய ஒரு காமெட்டின் உடலை முழுதாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியது. சிறகுகள் மட்டும் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்றைக் கொண்டு அழுத்தம் ஏற்றினால் உடையும்போது குண்டுபோல வெடித்துத் தடயம் அனைத்தும் போய்விடும். தண்ணீர் அழுந்தாது என்பதால் கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். உடலுக்குள் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே, ஜாக்கிகளால் சிறகுகளையும் மேலும் கீழும் வளைத்தார்கள். முன்பு பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆம் சுற்றில் உடல் கிழிந்தது. கிழிசல் தொடங்கியது ஒரு திறப்பின் மூலையில்தான். நேரடிச் சான்று அந்த ஆகஸ்டில் கடலிலிருந்தே வந்தது. ஆன்டெனாத் திறப்புள்ள கூரைத் துண்டு மீட்கப்பட்டு, விரிசலின் தொடக்கம் அதிலேயே காணப்பட்டது. இப்போது அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள், மூலையின் வளைவும் ஆணித்துளைகளும் தெளிவாகத் தெரியும்.