குதிரைக்கு பிசியோதெரபி: ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பந்தயத்தை விட்டு ஓய்வு பெற்ற குதிரை ஒன்று எங்களிடம் இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன் செம்பனைக் காட்டுக் கால்வாயில் கால் இறங்கி, முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்துவிட்டது. இது ஆற 9 முதல் 12 மாதம் ஆகும். அவசரப்பட்டால் திரும்பக் கிழியும்.

டாக்டர் சொன்னபடி கயிற்றைப் பிடித்துக் காலையும் மாலையும் 20 நிமிடம் நடத்துகிறேன். அப்புறம் காலில் குழாய்த் தண்ணீர் அடிக்கிறேன். தொட்டால் சூடு இல்லை, ஆனால் நாண் இன்னும் விரல் தடிமனுக்குப் புடைத்திருக்கிறது. லயத்து முனையில் திரும்பும்போது, அந்தக் கால் தரையில் படும் நேரம் தலையைத் தூக்குகிறது. நேராக நடந்தால் ஒன்றுமில்லை.

புதைகிற மண் நாணை இழுக்கும் என்பதால் தார் சாலையில்தான் நடத்துகிறேன். சரிதானா? அடுத்து மெல்லோட்டம் தொடங்குமுன் ஸ்கேன் பார்க்க வேண்டும். செர்டாங் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை வரை லாரியில் ஏற்றப் பயம். கருவியோடு இங்கேயே வந்து பார்க்கும் கால்நடை மருத்துவர் யாரையாவது தெரியுமா? செலவு எத்தனை வெள்ளி ஆகும்?

கோடாலித் தைலம் தேய்க்கச் சொல்லும் மாமாக்கள் மன்னிக்கவும். ஒரு தடவை தேய்த்து உதை வாங்கியாச்சு.