வெரிகோசில் (விதைப்பைக்குள் சிரைகள், அதாவது ரத்தக் குழாய்கள், புடைத்து வீங்குவது): உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

தேனிப் பையன்:
துணை ராணுவத் தேர்வு. ஓட்டம், உயரம், மார்பளவு எல்லாம் தாண்டிவிட்டேன். மெடிக்கலில் ஒவ்வொருவராக இருமச் சொல்லி விதைப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். என்னை மட்டும் மறுபடி இருமச் சொன்ன டாக்டர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதுகிறவரிடம் "லெஃப்ட், கிரேடு டூ" என்றார். வலியே இருந்ததில்லை எனக்கு! ஆபரேஷன் செய்துகொண்டு ரிவ்யூ மெடிக்கலில் தேறியதெல்லாம் வேறு கதை. அந்தக் குரல்தான் இன்னும் போகவில்லை.

காரைக்குடி மாப்பிள்ளை:
குழந்தை தள்ளிப்போனதும் எல்லா டெஸ்டும் மனைவிக்குத்தான். கருக்குழாய் டெஸ்ட் வரை வலியோடு அவள் முடித்த பிறகுதான் எனக்கு விந்துப் பரிசோதனை. விந்தணு கவுன்ட் குறைவு, டாப்ளரில் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) இடது பக்கம் வெரிகோசில். மருமகளை விரதம் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, கண்ணாடியைத் துடைத்து மாட்டி ரிப்போர்ட்டைப் படித்தார். "இதை வெளியே சொல்லிக்கிட்டு இருக்காதே" என்றார். அவ்வளவுதான்.

சேலை செக்‌ஷன்:
தேனித் தம்பி, வலியே இல்லாத உங்களுக்கு ஆபரேஷன், எனக்கு மாத்திரையா? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறேன். சாயங்காலமானால் இடது பக்கம் கனத்து இழுக்கும், படுத்தால் விடும். 2021இல் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. அதன் மேல் சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

ரிட்டயர்டு லேப்:
சேலை அண்ணாச்சி, தம்பியிடம் கோபித்து என்ன பயன்? ஆள் எடுக்கும் இடத்தில் அது அன்ஃபிட். அவருக்கு வேறு வழியில்லை. மற்றபடி ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, பாதிக்கு மேல் தெரியாமலே வாழ்கிறார்கள். எனக்கும் உண்டு, மூன்று பிள்ளைகள். இடது விரையின் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் ரத்தம் அங்கேதான் அதிகம் தேங்கும். விதைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை, சப்போர்ட்டர், போட்டுப் பாருங்கள், அதற்கும் வலி அடங்காவிட்டால் யூராலஜிஸ்ட். வலது பக்கம் மட்டும் திடீரென்று வந்தாலோ, படுத்தும் வீக்கம் குறையாவிட்டாலோ வயிற்று ஸ்கேன் கட்டாயம், சிறுநீரகக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாப்பிள்ளை, ஆபரேஷன் என்றால் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்கிறவரிடம் போங்கள். விதைப்பையில் நீர் கோப்பதும் வெரிகோசில் திரும்ப வருவதும் குறைவு. விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேலாகும், அதனால் ஆபரேஷன் முடிந்து 3 மாதம் ஆவதற்குள் டெஸ்ட் எடுத்துக் கலங்காதீர்கள். லேகியத்தில் காசைக் கரைக்காதீர்கள்.

காரைக்குடி மாப்பிள்ளை:
லேகியம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது சார். அம்மா வாங்கியது, என் மனைவிக்கு.