ட்ரோம்சோ – லாங்கியர்பியென்: 518-ஆ, 960-ஆ? எவ்வளவு நேரம் பறக்கும்?

முத்தியால்பேட்டை:
மகள் ஆகஸ்டில் ஒரு குறுகியகாலப் பயிற்சிக்கு வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகிறாள். சென்னையிலிருந்து நார்வேயின் ஆஸ்லோ, ட்ரோம்சோ வழியாக அங்குள்ள லாங்கியர்பியென் ஊருக்கு. கடைசிக் கட்டத்தின் தூரம் ஒரு தளத்தில் 518, இன்னொன்றில் 597, வேறொன்றில் 960. நேரமும் 1.25 (1 மணி 25 நிமிடம்) என்றும் 1.40 என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

லாஸ்பேட்டை:
மூன்றும் ஒரே தூரம்தான் சார். 518 கடல் மைல், 597 சாதாரண மைல், 960 கி.மீ. கடல் மைலை 1.852-ஆல் பெருக்க வேண்டும், 1.609-ஆல் பெருக்கினால் 833 என்று தப்பாக வரும்.

தாளிலேயே சரிபார்க்கலாம். ட்ரோம்சோ 69.68 வடக்கு, 18.92 கிழக்கு. லாங்கியர்பியென் 78.25 வடக்கு, 15.47 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 8.57 பாகை, பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 514. தீர்க்கரேகை வித்தியாசம் 3.45 பாகை. இதையும் 60-ஆல் பெருக்கி அப்படியே விட்டால் 207 வரும், அங்கேதான் கணக்கு கெடும். நம்ம புதுச்சேரியில் தீர்க்கரேகை ஒரு பாகை என்பது 109 கி.மீ.; லாங்கியர்பியெனில் 23 கி.மீ.கூட இல்லை. நடு அட்சரேகை 74-இன் கொசைன் 0.276. அதால் பெருக்கினால் 57. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 517. துருவத்தை நெருங்கும்போது அட்சரேகைப் பாகையின் நீளம் ஒரு துளி கூடுவதால் 518. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே அளக்காதீர்கள், வடக்கே போகப் போக அது ஊதிக் காட்டும்.

முதுநகர்:
நேரத்துக்கு வருகிறேன். 1.25 என்பது சக்கரம் தரையைவிட்டு எழுந்து மறுபடி தரையைத் தொடும் வரை. ஏற 20 நிமிடம், இறங்க 25. இரண்டிலும் சேர்த்து 400 கி.மீ. ஓடிவிடும். மீதி 560 கி.மீ., மணிக்கு 830 வேகத்தில் 40 நிமிடம். டிக்கெட்டில் உள்ள 1.40-இல் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வதும் அடக்கம். குளிர்காலத்தில் இறக்கைப் பனியைக் கரைக்கத் திரவம் அடிப்பார்கள், அதற்குத் தனியாக நேரம் போகும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். ஆகஸ்டில் நம்மைவிட மூன்றரை மணி பின்னால்.

முத்தியால்பேட்டை:
நன்றி. திரும்பும்போது எதிர்க்காற்றில் நேரம் கூடுமா?

முதுநகர்:
பெரிதாகக் கூடாது. பாதை ஏறக்குறைய வடக்கு–தெற்கு. உயரத்தில் வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்து பக்கவாட்டில்தான் தள்ளும். லண்டன்–நியூயார்க் மாதிரி போக ஒன்று, வர ஒன்று என்று இருக்காது. பயப்பட வேண்டியது மூடுபனிக்கு. அங்கே இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் மாற்று நிலையம் கிடையாது, விமானம் நார்வே நிலப்பகுதிக்கே திரும்பிவிடும். அதனால் பயிற்சி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருகிற மாதிரி போடுங்கள். மொத்தப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் இணைப்பு தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் செலவு உங்கள் தலையில்.

வில்லியனூர்:
தூரத்தைவிட முக்கியம் விசா. ஸ்வால்பார்டு நார்வேயுடையது, ஆனால் ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) வெளியே. அங்கே போக விசா வேண்டாம். போகிற வழிக்கு வேண்டும். ட்ரோம்சோவில் பாஸ்போர்ட் காட்டிக் கிளம்பும்போதே ஷெங்கனைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. விசாவில் நுழைவு எண்ணிக்கை 01 என்று இருந்தால் அந்த நுழைவு ஆஸ்லோவிலேயே செலவாகியிருக்கும். விண்ணப்பத்திலேயே இரண்டு அல்லது பலமுறை என்று கேளுங்கள், பயிற்சிக் கடிதத்தையும் இணையுங்கள். திரும்பும்போது சுங்கச் சோதனையும் உண்டு. ட்ரோம்சோவில் மாற இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். காப்பீட்டில் ஸ்வால்பார்டு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள மருத்துவமனை சின்னது, பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் ட்ரோம்சோவுக்குத்தான் கொண்டுவருவார்கள்.