பத்தாயிரம் அடி நடக்கத்தான் வேண்டுமா?

வைகைக்கரை எழுதியது:

எங்கள் பூங்காவில் காலை நடைக்கு வருபவர்களிடையே சில மாதங்களாக ஒரு புதிய நியாயம் பரவி வருகிறது. பத்தாயிரம் காலடியெல்லாம் தேவையில்லை, ஐந்தாயிரமே போதும் என்று எங்கோ படித்துவிட்டு, மூன்றாவது சுற்றிலேயே வாயிலருகே நிற்கும் அருகம்புல் சாறு வண்டிக்குப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து நேரே எதிர்ப்புறக் கடையின் வெங்காயப் போண்டாவுக்கு. எனக்கு 66 வயது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.4 ஆக இருந்தது. மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் என்று இலக்கு வைத்து ஐந்தாண்டுகள் விடாமல் நடந்ததில் இப்போது 6.8. மாத்திரைக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மாத்திரையை விழுங்கிவிட்டு உட்கார்ந்தே இருந்த நண்பர்களின் கதை எனக்குத் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு வாட்ச் 9,300 என்று காட்டினால், கூடத்துக்கும் பின்கட்டுக்கும் இடையே நடந்து மீதியை முடித்த பிறகே படுப்பேன். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கணக்கு முடிக்கிற நடை’. இலக்கைக் குறைப்பது சோம்பலுக்கு வாசல் திறந்துவிடுவதே என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சான்று கேட்பவன் எழுதியது:

ஐயா, உங்கள் ஒழுங்குக்கு முதலில் ஒரு வணக்கம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்த காலத்தில், 1965இல் ஒரு கடிகார நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் அடியளவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது ‘பத்தாயிரம் அடி அளவி’. நாம் இன்று மருத்துவ விதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கருவியின் விற்பனைப் பெயர்தான்.

எத்தனை அடி நடந்தால் ஆயுளில் வேறுபாடு தெரிகிறது என்பதை ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு 2019இல் வெளியிட்டது. சராசரியாக 72 வயதுடைய 16,741 அமெரிக்கப் பெண்களுக்கு அளவுக்கருவி கட்டிவிட்டு, பின்னர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர்களைக் கவனித்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. அடிகள் கூடக் கூட நன்மையும் கூடியது. ஆனால் ஏறத்தாழ 7,500க்கு மேல் நன்மை கூடவில்லை, வரைபடக் கோடு சமமாகிவிட்டது. மொத்த அடிகளைக் கணக்கில் கொண்ட பிறகு, வேகமாக நடந்தார்களா மெதுவாக நடந்தார்களா என்பது தெளிவான வேறுபாட்டைத் தரவில்லை.

என் கவலை வேறு. எங்கள் தெருவில் மூட்டு வலியுள்ள ஓர் அம்மா இருக்கிறார். பத்தாயிரம் என்று யாரோ சொல்லக் கேட்டு ஒரு வாரம் முயன்று, மூவாயிரத்தைத் தாண்ட முடியாமல், நமக்கு இது ஆகாது என்று செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். அவருக்கு அதிகம் பயன் தந்திருக்கக்கூடியது அந்த மூவாயிரத்தை நாலாயிரம் ஆக்குவதுதான். பெரிய எண் அதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, பெயர் விற்பனைக்காக வைத்தது என்பதாலேயே பொருள் பொய்யாகிவிடாது. நீங்கள் காட்டிய ஆய்வு நடந்தவர்களையும் நடக்காதவர்களையும் பார்த்து எண்ணியது மட்டுமே. யாரையும் நடக்கச் சொல்லி அனுப்பி முடிவு கண்டதல்ல. 2,700 அடியோடு நின்றவர்களில் எத்தனை பேர் முன்னரே உடல்நலம் குன்றியதால் நடக்க முடியாமல் இருந்தார்களோ! அவர்கள் முதலில் இறந்ததற்கு நடைக்குறைவைக் காரணமாகச் சொல்வது, மழை பெய்ததற்குக் குடையைக் காரணம் சொல்வது போலாகும். மேலும், 72 வயது அமெரிக்கப் பெண்களுக்கு 7,500இல் நன்மை நின்றது என்றால், 45 வயதில் தொப்பையோடு நிற்கும் நம்மூர் ஆணுக்கும் அங்கேயே நிற்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நூறு மதிப்பெண்ணுக்குப் படிப்பவன் எண்பது வாங்குவான். ஐம்பதுக்குப் படிப்பவன் எதில் போய் நிற்பான் என்று உங்களுக்குத் தெரியும்.

சான்று கேட்பவன் எழுதியது:

நோயுற்றவர்கள் கலந்திருக்கலாம் என்பது நியாயமான ஐயம். அதை இயன்ற அளவு கழிக்கவே, முதல் ஆண்டில் இறந்தவர்களை விலக்கியும் தம்மை நலமற்றவர்கள் என்று சொன்னவர்களை விலக்கியும் இத்தகைய ஆய்வுகளில் கணக்கிட்டுப் பார்ப்பது வழக்கம். அப்படியும் ஐயம் முழுதாகத் தீராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வயது குறித்து நீங்கள் சொன்னதும் சரி. அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கோடு சற்று உயரத்தில், எட்டாயிரம் முதல் பத்தாயிரத்துக்குள் சமமாகிறது என்றே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய தொகுப்புகள் காட்டின. ஆக, உங்கள் எண் இளையவர்களுக்குத்தான் பொருந்தி வருகிறது, உங்களுக்கல்ல!

முற்றத்துத் துளசி எழுதியது:

இருவரும் பூங்காவைத் தாண்டி வெளியே வரவில்லை. காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடப்பவர் வீடு திரும்பும்போது அவருக்குக் காபி கலந்து வைத்திருப்பவர் அந்த ஒரு மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? சென்ற வாரம் ஒரு நாள், விழித்தது முதல் படுக்கும் வரை, கைபேசியை இடுப்பில் முடிந்துகொண்டே வேலை செய்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டது, மாடியில் துணி உலர்த்தி எடுத்தது, ரேஷன் கடைக்குப் போய் வந்தது எல்லாம் சேர்த்து இரவில் 6,340 என்று காட்டியது. குனிந்து கோலம் போட்ட கால் மணி நேரத்துக்கு அந்தக் கருவி தந்தது நாற்பதோ ஐம்பதோ அடிதான். மாவு பிசைந்ததற்குச் சுழியம். கணக்கில் வராத உழைப்பு உழைப்பே இல்லை என்று நினைக்கத் தொடங்கினால், வாட்ச் கட்டியவர் மட்டுமே நலமாக இருப்பதாகத் தோன்றும்.

வைகைக்கரை எழுதியது:

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வீட்டு வேலையே உடற்பயிற்சி என்ற வாதத்தை நான் அஞ்சுகிறேன். என் தாயார் இருபத்தைந்து ஆண்டுகள் தெருக்கோடி அடிபம்பிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தார். அம்மியும் ஆட்டுக்கல்லும் அவர் கையில்தான் இருந்தன. ஐம்பத்தெட்டு வயதில் முதுகு வளைந்து, அறுபத்தொன்றில் போய்விட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் உழைத்தார்கள், அதனால் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஓய்வும் ஊட்டமும் இல்லாத உழைப்பு தேய்மானம்தான். அதையும் காலாற நடப்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முற்றத்துத் துளசி எழுதியது:

ஒரே தட்டில் வைக்கவில்லை ஐயா. உங்கள் தாயாருக்குக் குறைவாகக் கிடைத்தவை ஓய்வும் ஊட்டமும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அதற்குப் பழி அசைவின் மேல் ஏன்? நாள் முழுக்க வேலை செய்தவரிடம் ‘இதெல்லாம் சேராது, பூங்காவுக்குப் போய்த் தனியாகப் பத்தாயிரம் நடந்து வா’ என்று சொல்வது அந்த ஓய்வையும் பறிப்பதாகும் என்பதுதான் நான் சொல்வது.

சான்று கேட்பவன் எழுதியது:

வேலையோடு கலந்த அசைவுக்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அங்கே இரண்டு தட்டுப் பேருந்துகள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் சீட்டுக் கொடுக்க நாளுக்குச் சில நூறு படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சம்பளம், ஒரே புகை. இருந்தும் மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. நடத்துநர்களுக்கு வந்தபோது பிற்பட்ட வயதில், கடுமை குறைந்து வந்தது. அஞ்சலகத்தில் கடிதம் சுமந்தவர்களையும் மேசையில் இருந்தவர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத் தெரிந்தது. அவர்களில் எவரும் அடிகளை எண்ணவில்லை, பூங்காவுக்கும் போகவில்லை.

வைகைக்கரை ஐயா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுகள் கழித்து மோரிஸ் குழுவே சீருடைப் பதிவேடுகளைப் புரட்டி, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்ததைக் கண்டுபிடித்து அதையும் வெளியிட்டது. பருத்தவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போயிருக்கலாம் என்று தம் முடிவின் மேல் தாமே ஐயத்தை எழுப்பினார்கள். பிறகு உடல்வாகு ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் நடத்துநர்களின் நிலையே மேலாக இருந்தது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். அதைச் சான்றாகச் சொல்லவில்லை, ஒரே மனிதர்தானே. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

இயன்முறை எழுதியது:

நான் இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) செய்பவர். நீங்கள் அனைவரும் அடிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் வருபவர்களின் சிக்கல் அங்கே இல்லை. தினமும் பன்னிரண்டாயிரம் அடி நடக்கும் ஒருவர், குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்து வந்தார். தரையில் உட்காரச் சொன்னால், எழுவதற்குச் சுவரைத் தேடுகிறார். நாற்காலியில் உண்டு, மேற்கத்தியக் கழிப்பறைக்கு மாறி, கட்டிலை உயர்த்திக்கொண்ட பின் அவர் தொடைத் தசைக்கு வேலையே இருக்கவில்லை. சமதளத்தில் நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. தசை வலுவையும் சமநிலையையும் அது போதுமான அளவு காப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது; 65 கடந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி மூன்று நாள். அதில் அடி எண்ணிக்கை என்று ஒன்றுமே இல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எத்தனை அடி என்பதோடு எப்போது என்பதையும் பார்க்க வேண்டும். இயங்கும் தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நியூசிலாந்தில் 2016இல் சர்க்கரை நோயாளிகள் 41 பேரைக் கொண்டு செய்த சோதனையில், ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடு. வைகைக்கரை ஐயா, உங்கள் மனைவி கேலி செய்யும் அந்தக் கூடத்து நடைதான் உங்கள் நாளின் சிறந்த நடையாக இருக்கலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால் கால் வலு போதவில்லை என்று பொருள். அருகில் யாரையாவது நிற்க வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி, 31 வயது, சென்ற மாதச் சராசரி 2,100 அடி. எண் என்ற ஒன்று திரையில் இல்லாவிட்டால் நான் அதையும் நடந்திருக்க மாட்டேன். ஆகவே என் வாக்கு வைகைக்கரை ஐயாவுக்கு.

வைகைக்கரை எழுதியது:

இரவுப்பணித் தம்பிக்கு நன்றி. நேற்று மாலை அந்த நாற்காலிச் சோதனையைச் செய்தேன். வந்தது ஒன்பது. பத்தாவது முறை எழும்போது கை தானாகவே தொடையில் ஊன்றிவிட்டது, நேர்மையாகக் கழித்துவிட்டேன். நேரம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, வயது 63, தானும் உட்கார்ந்து பார்த்துப் பதினான்கு எடுத்தார். அதன் பிறகு இரவு உணவின்போது இதைப் பற்றிப் பேசாமலிருக்க இருவருமே பெருமுயற்சி எடுத்துக்கொண்டோம்.

ஆனாலும் என் கட்சியை விடுவதாக இல்லை. எண் வேண்டாம் என்று வாதாடிய இந்த இழையில் கடைசியில் எனக்குக் கிடைத்தது 12 என்ற இன்னோர் எண்தானே? அதை எட்டும் வரை தினமும் இரண்டு வேளை எழுந்து அமர்வதாக வாட்ச்சில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். பத்தாயிரமும் தொடரும், அதில் மூவாயிரத்தை மட்டும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்துக்கு மாற்றுகிறேன்.

முற்றத்துத் துளசி எழுதியது:

நல்லது ஐயா. உங்கள் வீட்டம்மா அந்தப் பதினான்கை எந்தப் பூங்காவில் நடந்து எடுத்தார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

அவர் பூங்காவுக்கு வந்ததே இல்லை, அம்மா. இன்றைக்கும் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார்.