எல்சாக்கில் மார்க் ஷீட் ஏறவில்லை, அவசரம்

தென்காசிப் பெண்: ஆறு அமெரிக்கச் சட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் "முழுமையாகவில்லை" என்றே காட்டுகிறது. மார்க் ஷீட் போய் ஐந்து வாரம் ஆகிறது, எல்சாக் (சட்டப் பள்ளி விண்ணப்பங்களைக் கையாளும் அமெரிக்க அமைப்பு) கணக்கில் வரவே இல்லை. கடைசித் தேதி நெருங்குகிறது. யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

வேலு78: ஜேடியா (அமெரிக்காவின் முதல் சட்டப் பட்டம்), எல்எல்எம்மா (சட்ட முதுகலை)? எங்கே படித்தீர்கள்? அனுப்பியது யார்?

மதுரை மல்லி: பரிந்துரைக் கடிதமாகத்தான் இருக்கும். கடிதம் எல்சாக்குக்கு வந்தால் மட்டும் போதாது. எந்தக் கடிதம் எந்தப் பள்ளிக்கு என்று நாம்தான் ஒதுக்க வேண்டும். நான் ஒதுக்காமல் விட்டு மூன்று வாரம் தவித்தேன்.

சட்டப்புலி: எல்லாம் எல்சாக் தளத்திலேயே இருக்கிறது. சட்டம் படிக்கப் போகிறவர் ஒரு பக்க விதியைப் படிக்க வேண்டாமா? மார்க் ஷீட், எல்சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண், கடிதங்கள் மூன்றையும் சேர்த்து ஒரே சிஏஎஸ் அறிக்கையாகப் பள்ளிக்கு அனுப்புவார்கள். தேவையானதில் ஒன்று குறைந்தாலும் அறிக்கை நகராது.

தென்காசிப் பெண்: மன்னிக்கவும். ஜேடிதான். தமிழ்நாட்டில் பி.காம். பல்கலைக்கழகத்தில் சீல் வைத்த கவரில் வாங்கி நானே கூரியரில் அனுப்பினேன். பிரிக்கவே இல்லை.

வேலு78: அங்கேதான் சிக்கல். சீல் இருந்தாலும் நம் கை வழியாகப் போனால் ஏற்க மாட்டார்கள். பட்டம் கொடுத்த இடமே நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் கணக்கில் டிரான்ஸ்கிரிப்ட் (மார்க் ஷீட்) கோரும் படிவம் இருக்கும். அதை அச்செடுத்துத் தேர்வுப் பிரிவில் கொடுங்கள், மார்க் ஷீட்டோடு அதுவும் போக வேண்டும். 'எல்' என்று தொடங்கும் உங்கள் கணக்கு எண் அதில் இருக்கும். போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வாரம் ஆகும். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே மார்க் ஷீட்டிலும் இருக்கிறதா?

தென்காசிப் பெண்: இல்லை. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக.

வேலு78: அப்படியென்றால் இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று எல்சாக்குக்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த இனிஷியலில்தான் மாட்டுகிறார்கள்.

கோவை குமார்: 78 சதவீதம் என்றால் ஜிபிஏ (அமெரிக்கத் தரப்புள்ளிச் சராசரி) 3.9 வருமா?

சட்டப்புலி: வராது. 4.33 வரை போகும் ஜிபிஏ கணக்கெல்லாம் அமெரிக்க, கனடா மார்க் ஷீட்டுக்குத்தான். நமக்கு "சராசரிக்கு மேல்" போல ஒரு தரச் சொல் மட்டும்.

கோவை குமார்: அது அநியாயம். 75 வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

மதுரை மல்லி: அதனால்தான் சொல்லாகத் தருவது நல்லது. எங்கள் பல்கலையில் 65 எடுப்பதே பெரிய விஷயம். அதை அப்படியே ஜிபிஏ ஆக்கினால் நாம் காலி.

கோவை குமார்: எண் இருந்தால்தான் உதவித்தொகைக்கு வாதாட முடியும். சொல்லை வைத்து என்ன செய்வது?

வேலு78: இதற்குத் தனி இழை போடுங்களேன். அந்தப் பெண் அவசரத்தில் இருக்கிறார்.

தென்காசிப் பெண்: (ஆறு வாரம் கழித்து) தேர்வுப் பிரிவிலிருந்து நேரடியாக அனுப்ப வைத்தேன், ஏறிவிட்டது. நான்கு பள்ளிகளுக்கு அறிக்கை போய்விட்டது. இரண்டுக்குத் தேதி முடிந்துவிட்டது. வேலு அண்ணா, மிக்க நன்றி.