மறுமொழி: ‘கிராஃப்ட்’ (graft) என்ற வினைக்குத் தமிழில் என்ன?

> ‘ஒட்டு’ என்றே வைத்துவிடலாம். கணினியில் பேஸ்ட்டுக்கும் அதுதானே இருக்கிறது.

வணக்கம் ஐயா. இருப்பதுதான் சிக்கல். ஒரு மரத்தின் குச்சியை இன்னொரு கன்றிலோ, உடலில் ஓரிடத்துத் தோலை இன்னோரிடத்திலோ வைத்து உயிரோடு சேரச் செய்வதுதான் ‘கிராஃப்ட்’. கணினியில் ஒட்டியது ஒட்டியபடி கிடக்கும். தொடையில் எடுத்துத் தீப்புண்ணின் மேல் வைத்த தோல் அப்படிக் கிடந்தால் செத்துவிடும்; அடியிலிருந்து ரத்தக்குழாய் வந்து சேர்ந்தால்தான் பிழைக்கும்.

> சொல்லின் வேரைப் பார்த்து ‘ஆணிநடவு’ என்று ஆக்கினால்?

வேர் அழகானதுதான். கிரேக்கத்தில் எழுதுவதைக் குறிக்கும் வினையிலிருந்து எழுத்தாணிக்கு ஒரு பெயர் பிறந்தது. அது லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘கிராஃப்’. கடைசி ‘ட்’ பிற்பாடு வந்து சேர்ந்த ஒட்டு! செருகுவதற்குச் சீவிய குச்சி எழுத்தாணி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். ஓலையில் எழுதிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் தோலில் ஏது குச்சி, ஏது கூர்? ஆங்கிலேயரே மறந்துபோன ஆணியை நாம் எதற்குச் சுமப்பது?

இங்கே வாழப்பாடிப் பக்கம் மாந்தோப்புக்காரர்கள் யாரும் மல்கோவாவை ‘ஒட்டினேன்’ என்பதில்லை. ‘ஒட்டுக் கட்டினேன்’ என்பார்கள். கொட்டை முளைத்த கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்பாகச் சீவிய மல்கோவாக் குச்சியைச் செருகி, பட்டையோடு பட்டை பொருந்த பாலிதீன் நாடாவால் இறுக்குவார்கள். துளிர் விட்டுவிட்டால் ‘ஒட்டுப் பிடிச்சிருச்சு’. மாற்றிய தோல் உயிரோடு சேர்ந்துகொண்டால் ஆங்கிலத்தில் அறுவை மருத்துவர்கள் ‘டேக்’ என்கிறார்களே, அதே பொருள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆக, பெயர் ‘ஒட்டு’, வினை ‘ஒட்டுக்கட்டு’, தேறினால் ‘ஒட்டுப் பிடித்தல்’.

* * *

> வினை ‘ஒட்டுக்கட்டு’

‘பிடித்தல்’ சரி அண்ணா. ‘கட்டு’ இடிக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டு என்றால் பேண்டேஜ். தோலுக்கு ஒட்டுக்கட்டினார்கள் என்றால், துணி சுற்றி அனுப்பிவிட்டதாகத்தான் இங்கே ஏற்காட்டில் என் அம்மா நினைப்பார். ‘ஒட்டுப்போடு’ என்றாலோ கிழிந்த சட்டை. ‘ஒட்டுவை’?

லஞ்ச ஊழலைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’டும் இருக்கிறது. அமெரிக்க வழக்கு. தனிப் பதிவாகப் போடுங்கள்.

* * *

பேண்டேஜ் எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. தோலுக்கு ‘ஒட்டுவை’ என்று திருத்திவிட்டேன். மாங்கன்றுக்கு மட்டும் ‘ஒட்டுக்கட்டு’தான், அதை மாற்றினால் தோப்பில் சிரிப்பார்கள். லஞ்சத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டுமா என்ன, நம்மிடம் நிறையவே இருக்கிறது.