சுவரில் ஏறிய வளையப் பாம்பு: கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

வேப்பமரத்தடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் சிறுமலை அடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். வீட்டின் பின்புறம் கொல்லை, அதில் துவைகல், துவைகல்லை ஒட்டி விறகு அடுக்கு, அதற்கு அப்பால் சோளக்காடு. சென்ற செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணியளவில் பாத்திரம் கழுவப் போன என் மாமியார், சுவரில் பாம்பு ஏறுகிறது என்று குரல் கொடுத்தார். நான் ஓடிப் பார்த்தபோது, பூச்சு வேலை முடியாத செங்கற்சுவரில், குழல்விளக்குக்கு ஓர் அடி கீழே, செங்கல் இடுக்குகளில் உடலை மடித்து ஊன்றிக்கொண்டு அது அசையாமல் இருந்தது.

நீளம் ஒன்றரை அடிக்குக் குறையாது, இரண்டடியைத் தாண்டாது. பருமன் என் சுண்டுவிரல் அளவுதான். உடல் முழுக்கக் கறுப்பு என்கிறார் என் கணவர். எனக்கு வறுத்த காப்பிக்கொட்டையின் நிறமாகத் தெரிந்தது. வெள்ளை வளையங்கள் இருந்தன என்பதில் மட்டும் எங்கள் எல்லோருக்கும் உடன்பாடு. பக்கத்து வீட்டார் கம்போடு வந்து, "இது எட்டடி விரியன், விட்டுவிடாதீர்கள்" என்று அடிக்க ஓங்கியதற்குள் அது சுவரைத் தாண்டிச் சோளக்காட்டுப் பக்கம் இறங்கிவிட்டது.

கைப்பேசியில் எடுத்த மூன்று படங்களை இணைத்துள்ளேன். இரண்டு மங்கலாகிவிட்டன, ஒன்றில் மட்டும் தலையும் உடலின் முன்பாதியும் ஓரளவு தெளிவாக உள்ளன. இணையத்தில் தேடியபோது ஒரே படத்தை ஓரிடத்தில் கட்டுவிரியன் என்றும் வேறோரிடத்தில் நஞ்சில்லாத பாம்பு என்றும் போட்டிருந்ததைப் பார்த்துக் குழப்பம் அதிகமாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். இது என்ன பாம்பு, எதை வைத்து அதை உறுதிசெய்வது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

புதர்நடை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கணிப்பில் இது வெள்ளிக்கோல் வரையன்; நஞ்சில்லாதது, பல்லி தின்பது. ஆனால் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியாகாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் மிக அதிகமாக மாற்றி அடையாளம் காணப்படும் இணை இவை இரண்டுதான். கட்டுவிரியன் என்று எண்ணி வெள்ளிக்கோல் வரையனை அடித்துக் கொல்கிறார்கள். அதைவிட மோசமானது, வெள்ளிக்கோல் வரையன்தானே என்று கட்டுவிரியனைக் கையில் எடுப்பது.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். குழல்விளக்கில் பழுப்பு கறுப்பாகத் தெரியும். சட்டை உரிக்கப்போகும் பாம்பு எந்த இனமானாலும் சாம்பல் பூத்துக் கிடக்கும். நீங்களும் உங்கள் கணவரும் ஒரே பாம்பை இரண்டு நிறமாகப் பார்த்ததில் வியப்பே இல்லை. வளையங்கள் எங்கே தொடங்குகின்றன, எங்கே மங்குகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த கட்டுவிரியனில் தலையும் பிடரியும் வெறுமையாக இருக்கும். தலையிலிருந்து சற்றுத் தள்ளி, முதுகில் புள்ளிகளாகத் தொடங்கும் வெள்ளைக் கோடுகள் வாலை நெருங்க நெருங்கத் தெளிவடையும். அவை மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக அருகருகே செல்பவை. வெள்ளிக்கோல் வரையனில் இது தலைகீழ்: பிடரியிலேயே முதல் பட்டை தொடங்கிவிடும், முன்பாதியில் அகலமாக இருக்கும், வால் பக்கம் போகப் போகத் தேய்ந்து மறையும். அந்தப் பட்டைகள் ஒற்றையாக, இடைவெளி விட்டு அமைந்து, விலாப் பக்கத்தில் கவைபோல் பிரியும். உங்கள் படத்தில் பிடரியில் ஒரு வெண்பட்டை தெளிவாகத் தெரிகிறது; அதற்கடுத்த பட்டை விலாவில் பிரிவதும் தெரிகிறது. தலை தட்டையாக, மூக்கு நீண்டு, மேலுதடு வெளுத்திருப்பதும் அதற்கே பொருந்துகிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு. கட்டுவிரியன் குட்டிகளில் வளையங்கள் கழுத்துக்கு அருகிலிருந்தே தொடங்கக்கூடும். ஆகவே ஒன்றரை அடிக்குக் குறைந்த பாம்பில் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. அப்போது முதுகின் நடுவரிசைச் செதில்களைப் பார்க்க வேண்டும். கட்டுவிரியனுக்கு அந்த ஒரு வரிசை மட்டும் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோண வடிவில், தலையிலிருந்து வால்வரை சங்கிலி கோத்ததுபோல் செல்லும். வெள்ளிக்கோல் வரையனுக்கு எல்லாச் செதில்களும் ஏறத்தாழ ஒரே அளவு. உங்கள் படத்தில் அந்தப் பகுதி மங்கலாக இருப்பதால்தான் உறுதி என்று எழுதாமல் கணிப்பு என்று எழுதினேன். கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று பலர் கேட்பார்கள். இரண்டுக்கும் கறுத்த கண்கள்தாம், பயனில்லை.

செங்குத்துச் சுவரில் ஏறியதும் ஒரு துணைச் சான்று. வெள்ளிக்கோல் வரையன் விளக்கடியில் கூடும் பல்லிகளைத் தேடிச் சொரசொரப்பான சுவர்களில் எளிதாக ஏறும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் திரிவது. ஆனாலும் கூரையில் கட்டுவிரியனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், எனவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியைப் பெரிதாக்கி, பிடரி, நடு முதுகு, வால் ஆகிய மூன்றும் தெரியும்படி எடுங்கள். முகத்தை மட்டும் அருகில் போய் எடுப்பது ஆபத்து. அதிலிருந்து தெரிவதும் குறைவு.

மேற்குத்தெரு எழுதியது:

புதர்நடை அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் ஊரில் வளையம் போட்ட எதையும் எட்டடி விரியன் என்றுதான் பெரியவர்கள் அழைப்பார்கள். கடிபட்டவர் எட்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுவார் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். செதிலை எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாம்பு உள்ளே புகுந்துவிடாதா? நான் வீட்டைச் சுற்றி வெள்ளைப்பூண்டு அரைத்த நீரையும் பினாயிலையும் தெளித்து வருகிறேன். பத்து ஆண்டுகளாக ஒரு பாம்பும் உள்ளே வந்ததில்லை. சகோதரியும் அதைச் செய்து பார்க்கலாம்.

புதர்நடை எழுதியது:

ஐயா, பினாயில் தெளித்த வாசற்படியிலேயே சாரைப் பாம்பு கடந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூண்டுக்கும் பினாயிலுக்கும் பாம்பு விலகாது. உங்கள் வீட்டில் பாம்பு வராததற்கு நீங்கள் கொல்லையைச் சுத்தமாக வைத்திருப்பதே காரணமாக இருக்கலாம்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டுவிரியன் என்ற பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும்தாம் உண்மையான விரியன்கள். பெயரைக் கேட்டு முக்கோணத் தலையையும் தடித்த உடலையும் எதிர்பார்ப்பவர்கள், மெலிந்து, வழவழப்பாக, பகலில் சுருண்டு தலையை மறைத்துக்கொள்ளும் கட்டுவிரியனைச் சாதுவான பாம்பு என்று எண்ணிவிடுகிறார்கள். எட்டடிக் கணக்கும் தவறு. அதன் கடியில் மனிதர் உடனே விழுவதில்லை, பல மணி நேரம் நடமாடிக்கொண்டிருப்பார். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்ற கதையையும் இதே பெரியவர்கள்தாம் சொன்னார்கள், அதுவோ நஞ்சே இல்லாத பாம்பு.

வார்டு எட்டு எழுதியது:

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். பாம்பை அடையாளம் காண்பதில் எனக்குப் பயிற்சி இல்லை. கடித்த பிறகு நடப்பதை மட்டும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலை நான்கு மணிக்கு ஓர் இளைஞரை வயிற்று வலி என்று அழைத்து வந்தார்கள். இரவு உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் ஓமநீர் கொடுத்திருந்தார்கள். படுக்க வைத்துக் கண்ணைத் திறக்கச் சொன்னபோது இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை என்று கையால் காட்டினார். உடலில் எங்கும் வீக்கமோ கடிவாயோ தெரியவில்லை. தரையில் படுத்திருந்தாரா என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. நஞ்சுமுறி மருந்தும், நான்கு நாள் வென்டிலேட்டரும் கொடுத்த பிறகு பிழைத்தார். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, தூக்கத்தில் கொசு கடித்ததுபோல் இருந்துவிடும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

ஆகவே தரையில் படுத்தவர் விடியலில் காரணம் தெரியாத வயிற்று வலியோ இமைத் தொய்வோ சொன்னால், கடிவாய் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். கடித்த இடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து அழைத்து வாருங்கள். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கான நஞ்சை எடுத்துக் கொடுக்கிறது. மருத்துவர் நோயாளியின் அறிகுறிகளைப் பார்த்தே மருத்துவம் தொடங்குவார். செத்த பாம்பின் தலைகூட அனிச்சையாகக் கடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

விரிவான பதில்களுக்கு நன்றி. நேற்று ஒரு புதுச் செய்தி. நீண்ட கம்பி வாரியால் விறகு அடுக்கைக் கலைத்தபோது அடியில் ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. தலைப்பகுதி முழுதாக இருக்கிறது, கண்ணின் மேல் இருந்த கண்ணாடிபோன்ற சிறு மூடியும் அதில் ஒட்டியிருக்கிறது. வால் நுனி மட்டும் கிழிந்துள்ளது. அளந்ததில் மூன்றேகால் அடி வந்தது. சுவரில் பார்த்த பாம்பு இரண்டடிக்கு மேல் இல்லை என்பதால் இது அதனுடையதுதானா என்று ஐயம். இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

புதர்நடை எழுதியது:

படத்தைவிடச் சட்டை நல்ல சாட்சி, ஏனென்றால் அது அசையாது, கடிக்காது, செதில்களின் அச்சு அப்படியே இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு அதை ஓர் அகலத் தட்டில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கழற்றிய காலுறைபோல் உட்புறம் வெளியே திரும்பியிருக்கும். மெதுவாக விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நடுமுதுகு வரிசை பெரிய அறுகோணங்களாக உள்ளதா? இரண்டு, மலத்துளைக்குப் பின், வாலின் அடியில் உள்ள செதில்கள் முழுத் தகடுகளாக ஒற்றை வரிசையில் உள்ளனவா, நடுவில் பிளந்து இரட்டை வரிசையாக உள்ளனவா? வெள்ளிக்கோல் வரையனுக்கும் சாரைக்கும் நல்ல பாம்புக்கும் வாலடி இரட்டை வரிசைதான். கொம்பேறி மூக்கனுக்கும் முதுகுச் செதில் பெரிதாக இருக்கும், ஆனால் வாலடி இரட்டை. முதுகில் அறுகோணமும் வாலடியில் ஒற்றை வரிசையும் சேர்ந்து வந்தால் அது கட்டுவிரியன். நீளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; உரிக்கும்போது இழுபடுவதால் சட்டை பாம்பைவிடச் சற்று நீண்டே இருக்கும்.

வேப்பமரத்தடி எழுதியது:

ஊறவைத்துப் பார்த்தோம். முதுகு நடுவில் அறுகோணங்கள், தேன்கூட்டில் ஒரு வரிசையை மட்டும் உருவி வைத்ததுபோல். வாலடியில் ஒற்றை வரிசை. என் மூத்த மகள் பதினெட்டு வரை எண்ணினாள், அதற்குப் பின் கிழிந்துவிட்டது. படங்களை இணைத்துள்ளேன்.

புதர்நடை எழுதியது:

படங்கள் தெளிவாக உள்ளன. இது கட்டுவிரியனின் சட்டை. சுவரில் நீங்கள் பார்த்தது வேறு பாம்பு. அதைப் பற்றிய என் கணிப்பு மாறவில்லை. ஒரே கொல்லையில் இரண்டும் இருக்கின்றன, அவ்வளவுதான். நஞ்சில்லாதது என்று நான் எழுதியதை வைத்து விறகில் கைவிட்டுவிடாமல் வாரியைப் பயன்படுத்தினீர்களே, அதற்கு நன்றி.

இனி விறகைத் தரையில் அடுக்காமல், வீட்டிலிருந்து தள்ளி, ஓர் அடி உயரத் திண்டில் அடுக்குங்கள். எலி வளைகளை அடைத்துவிடுங்கள். பிள்ளைகளைக் கட்டிலில் படுக்கவைத்து, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். இரவில் கொல்லைக்குப் போகும்போது கைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள். பாம்பு மறுபடியும் தென்பட்டால் ஒருவர் தொலைவிலிருந்து அதைக் கண்காணித்துக்கொண்டிருக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்தை 101-இல் அழையுங்கள். நீங்களே பிடிக்க முயல வேண்டாம்.

வேப்பமரத்தடி எழுதியது:

விறகை இடம் மாற்றிவிட்டோம். துவைகல்லுக்கு அடியில் இரண்டு எலி வளைகள் இருந்தன; பகலில், கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தாயிற்று. பிள்ளைகளுக்குக் கட்டிலும் வலையும் வந்துவிட்டன. நேற்று இரவு அதே குழல்விளக்கடியில் அந்தச் சுவர்ப் பாம்பையோ அதைப் போன்ற வேறொன்றையோ மறுபடியும் பார்த்தோம். பிடரியில் வெண்பட்டை, விலாவில் கவை, வாயில் பாதி விழுங்கிய பல்லி. பக்கத்து வீட்டாரை யாரும் கூப்பிடவில்லை. மாமியார் விளக்கை அணைக்காமல் பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார்.